சர்க்கரைக்குச் சட்டம் தேவையா? ஒரு வாதத்தை எடைபோடுவோம்

2012 பிப்ரவரி 2 அன்று வெளியான 'நேச்சர்' அறிவியல் இதழில் மூன்று பக்கக் கருத்துக் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. எழுதியவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர். ராபர்ட் லஸ்டிக் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். லாரா ஷ்மிட், கிளேர் பிரிண்டிஸ் இருவரும் சுகாதாரக் கொள்கை ஆய்வாளர்கள். சர்க்கரை மெல்லக் கொல்லும் நஞ்சு, ஆகவே மதுவையும் புகையிலையையும் போல அரசு அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே கட்டுரையின் சாரம். வரி போடுங்கள், பள்ளிகளுக்கு அருகே விற்பதைத் தடுங்கள், இனிப்புப் பானம் வாங்க வயது வரம்பு வையுங்கள் என்றெல்லாம் அது கேட்டது.

லஸ்டிக் அதற்கு முன்பே பெயர் பெற்றவர். சர்க்கரையின் தீமை பற்றி 2009-இல் அவர் ஆற்றிய ஒன்றரை மணி நேர உரையை யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள். ஆனால் 'நேச்சர்' இதழில் வந்ததும் அந்தப் பேச்சுக்கு வேறொரு மதிப்பு கிடைத்தது. உலகப் பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. இன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் 'வெள்ளை விஷம்' செய்திகளில் பல அந்த வாதத்தின் எதிரொலிதான்.

அந்தக் கட்டுரை எழுப்பிய கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை நிலைநிறுத்த அது வைத்த காரணங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. சில கல்லில் செதுக்கியவை போல் நிற்கின்றன. சில தொட்டதும் உதிர்கின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது வெறும் அறிவுப் பயிற்சி அல்ல. பலவீனமான காரணத்தின் மேல் எழுப்பிய சட்டத்தை எதிர்த்தரப்பு எளிதில் கவிழ்த்துவிடும். அப்போது இழப்பு குழந்தைகளுக்குத்தான்.

வாதம் எப்படிக் கட்டப்பட்டது?

கட்டுரை ஐ.நா.விலிருந்து தொடங்குகிறது. 2011 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபை தொற்றா நோய்கள் பற்றி உயர்மட்டக் கூட்டம் நடத்தியது. இதய நோய், புற்றுநோய், நீரிழிவு போன்றவை தொற்று நோய்களை விடப் பெரிய சுமையாகிவிட்டன. ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி உயிரிழப்புகளில் அவற்றுக்குப் பங்குண்டு. அவற்றின் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுபவை புகையிலை, மது, உணவு. முதல் இரண்டையும் அரசுகள் சட்டத்தால் கட்டுப்படுத்துகின்றன. மூன்றாவதை ஏன் தொடுவதில்லை என்று கட்டுரை கேட்கிறது.

நல்ல கேள்விதான். அடுத்து வருவதுதான் வாதத்தின் முதுகெலும்பு. மதுவை ஏன் சாதாரணச் சரக்காகக் கருதக் கூடாது என்பதை விளக்க தாமஸ் பேபரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் ஒரு நூல் எழுதினார்கள். அதிலிருந்து நான்கு அளவுகோல்களை லஸ்டிக் குழு எடுத்துக்கொள்கிறது: எங்கும் நிறைந்திருப்பது, நச்சுத்தன்மை, அடிமையாக்கும் தன்மை, சமூகத்துக்கு விளையும் கேடு. இந்த நான்கும் பொருந்தினால் ஒரு பொருளைக் கட்டுப்படுத்தலாம். சர்க்கரைக்கு நான்கும் பொருந்துகின்றன. ஆகவே கட்டுப்படுத்துங்கள்.

வடிவம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இந்த வடிவமே ஒரு பொறியையும் வைத்திருக்கிறது. மதுவுக்காகச் செய்த அளவுகோலில் சர்க்கரையை நிறுத்தும்போது, ஒவ்வோர் இடத்திலும் சர்க்கரை மதுவைப் போலவே இருக்கிறது என்று காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. ஒப்பீடு எங்கே நெகிழ்கிறதோ அங்கெல்லாம் முழு வாதமும் நெகிழ்ந்ததாகத் தோன்றும்.

எண்களைக் கூட்டிக் கழித்தால்

முதல் அளவுகோலுக்குக் கட்டுரை தரும் முக்கியச் சான்று, கடந்த 50 ஆண்டுகளில் உலகச் சர்க்கரை நுகர்வு மூன்று மடங்காகிவிட்டது என்பது. படித்தவுடன் என்ன தோன்றும்? நம் தாத்தா ஒரு கரண்டி சாப்பிட்ட இடத்தில் நாம் மூன்று கரண்டி சாப்பிடுகிறோம் என்றுதானே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1960-இல் உலக மக்கள்தொகை சுமார் 300 கோடி. 2011-இல் 700 கோடி. மொத்த நுகர்வு மூன்று மடங்கானபோது வாய்களின் எண்ணிக்கையும் இரண்டே கால் மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. மூன்றை அதனால் வகுத்தால் தலைக்கு உயர்ந்தது ஏறக்குறைய 30 சதவீதம்தான். அதுவும் கவலைப்பட வேண்டிய உயர்வே. ஆனால் 'மூன்று மடங்கு' என்பது மனத்தில் எழுப்பும் சித்திரம் வேறு. மொத்தத்தையும் தலைக்கணக்கையும் பிரித்துச் சொல்லாத எந்தப் புள்ளிவிவரத்தையும் இப்படி ஒருமுறை வகுத்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது எண்ணையும் பாருங்கள். உலகின் பல பகுதிகளில் மக்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரிக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்து பெறுகிறார்கள் என்கிறது கட்டுரை. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. அப்படியானால் 500 கலோரி என்பது 125 கிராம். கூடவே உள்ள உலக வரைபடத்தில் அமெரிக்கா இதற்கும் மேலான நிறத்தில் இருக்கிறது. ஆனால் அமெரிக்கர்களிடமே 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டு எடுத்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 2007-08-இல் கிடைத்த சராசரி சுமார் 77 கிராம்.

இவ்வளவு வித்தியாசம் எப்படி? வரைபடம் காட்டுவது ஒரு நாட்டின் சந்தைக்கு வந்த சரக்கின் அளவை. அதில் வீணாவதும் கொட்டப்படுவதும் சேர்த்திதான். கணக்கெடுப்போ மக்கள் வாய்விட்டுச் சொன்னதைக் காட்டுகிறது. அதில் மறந்ததும் மறைத்ததும் விட்டுப்போகும். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வாதத்துக்கு எந்த எண் தோதாக இருக்கிறதோ அதை மட்டும் வாசகரிடம் நீட்டுவது அறிவியல் எழுத்துக்கு அழகல்ல.

அந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. 1999-2000-இல் அமெரிக்கர்கள் உண்ட சேர்க்கப்பட்ட சர்க்கரை நாளுக்குச் சுமார் 100 கிராம். எட்டே ஆண்டில் அது 77 கிராமாகக் குறைந்தது. ஆனால் உடற்பருமன் குறையவில்லை. 1999-2000-இல் வயது வந்தோரில் 30.5 சதவீதமாக இருந்தது, 2017-18-இல் 42.4 சதவீதமாகிவிட்டது. சர்க்கரை ஒன்றே உடற்பருமனுக்குக் காரணம் என்றால் இந்த இரு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் போயிருக்க முடியாது. லஸ்டிக் குழு இதை ஓரளவு முன்னுணர்ந்தே எழுதியிருக்கிறது. உடற்பருமன் நோயின் காரணம் அல்ல, வளர்சிதை மாற்றம் கெட்டுப்போனதன் அடையாளம் மட்டுமே. ஒல்லியானவர்களிலும் பலருக்கு அந்தக் கேடு உண்டு என்கிறது. இது கட்டுரையின் கூர்மையான பகுதி. எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று 2012-லேயே சொன்னது. ஒல்லியான உடலிலும் நீரிழிவு வரும் என்பதை வீட்டுக்கு வீடு கண்டுகொண்டிருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டாவது அளவுகோல் நச்சுத்தன்மை. வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நாம் உண்ணும் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் குளுக்கோஸ் ஒன்று, ஃபிரக்டோஸ் ஒன்று என இரண்டு இணைந்தது. குடலில் அது சரிபாதியாகப் பிரிகிறது. குளுக்கோஸை மூளை, தசை என்று எல்லா உறுப்புகளும் எடுத்துக்கொள்ளும். தேவைக்கு மேல் போனால் அதன் பாதையில் தடுக்க ஒரு நொதி இருக்கிறது. ஃபிரக்டோஸின் கதை வேறு. பெரும்பாலும் சிறுகுடலும் கல்லீரலும்தான் அதைக் கையாளுகின்றன. கல்லீரலுக்குள் அது நுழையும் பாதை அந்தத் தடுப்பு நொதியைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே ஒரே நேரத்தில் நிறைய வந்தால் நிறுத்த ஆள் இல்லை. மிஞ்சியது கொழுப்பாக மாறுகிறது. செல்லின் ஆற்றல் சேமிப்பு சட்டென்று கரைவதால் யூரிக் அமிலமும் கூடுகிறது.

வெல்லம், கருப்பட்டி, தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றிலும் இந்த ஃபிரக்டோஸ் இருக்கிறது. நிறம் பழுப்பாக இருப்பதாலோ பாட்டி காலத்துப் பொருள் என்பதாலோ கல்லீரல் அவற்றுக்குச் சலுகை காட்டாது.

இந்த உயிர்வேதியியல் உண்மை. மனிதர்களிடம் சோதித்தும் இருக்கிறார்கள். 2009-இல் வெளியான, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வில், எடை கூடிய 32 பேருக்குப் பத்து வாரங்கள் இனிப்புப் பானம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குக் குளுக்கோஸ், இன்னொன்றுக்கு ஃபிரக்டோஸ். எடை இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு ஃபிரக்டோஸ் குழுவில்தான் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பதும் அவர்களிடம்தான் குறைந்தது.

அப்படியானால் ஃபிரக்டோஸ் நஞ்சு என்று முடித்துவிடலாமா? அளவைப் பாருங்கள். அந்தச் சோதனையில் ஒருவரின் மொத்தக் கலோரியில் கால் பங்கு சுத்த ஃபிரக்டோஸாகவே கொடுக்கப்பட்டது. சர்க்கரையாகச் சாப்பிட்டு அந்த அளவை எட்ட வேண்டுமானால் உணவில் பாதி சர்க்கரையாக இருக்க வேண்டும். யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. சிறிய அளவுகளில் நடப்பதும் வேறு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்குக் குறைந்த அளவு ஃபிரக்டோஸ் கொடுத்தபோது அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே மாற்றிவிட்டது. அளவு மீறியபோதுதான் அது கல்லீரலுக்கு வழிந்தது. பழத்தை முழுதாகக் கடித்துத் தின்றால் நார்ச்சத்தோடு ஃபிரக்டோஸ் மெதுவாக இறங்குகிறது. அதையே சாறாக்கிக் குடித்தால் மொத்தமாக வந்து விழுகிறது. 2013-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாக உண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது.

இந்த நுணுக்கம் 'நேச்சர்' கட்டுரையின் வாக்கியங்களில் இருக்கிறது. கொஞ்சம் சாப்பிட்டால் தீங்கில்லை என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதன் அட்டவணையில் அது காணாமல் போகிறது. அட்டவணையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் மது செய்யும் கேடுகள், வலப்பக்கம் ஃபிரக்டோஸ் செய்யும் கேடுகள். உயர் ரத்த அழுத்தத்துக்கு எதிரே உயர் ரத்த அழுத்தம். கணைய அழற்சிக்கு எதிரே கணைய அழற்சி. கல்லீரல் கேட்டுக்கு எதிரே கல்லீரல் கேடு. கண்ணை ஓட்டினால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரியும்.

ஒவ்வொரு வரியாக நின்று பார்த்தால் தெரிவது வேறு. கணைய அழற்சிக்கு மது நேரடியான, முதன்மையான காரணங்களில் ஒன்று. ஃபிரக்டோஸ் அங்கே போய்ச் சேர, முதலில் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிக உயர வேண்டும், அதன் பிறகே கணையம் பாதிக்கப்படும். கருவிலிருக்கும் குழந்தைக்கு மது உண்டாக்கும் பிறவிக் குறைபாடு மருத்துவம் நன்கு அறிந்தது. அதற்கு எதிரே ஃபிரக்டோஸ் பத்தியில் உள்ளது கருவின் இன்சுலின் எதிர்ப்பு. கடைசி வரியில் மதுவுக்கு 'அடிமைத்தனம்' என்றிருக்க, ஃபிரக்டோஸுக்கு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் 'பழக்கப்படுதல்' என்று ஆசிரியர்களே பின்வாங்கியிருக்கிறார்கள். ஒரே வரிசையில் அச்சிட்டதால் சான்றின் வலிமையும் ஒன்றாகிவிடாது. மதுவைப் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே அறிவித்துவிட்டது. சர்க்கரைக்கு அப்படியொரு இடம் இல்லை.

கலோரியையும் மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்துக்காக லிசா டி மொரெங்கா குழு 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கட்டுப்பாடின்றி உண்ணும் பெரியவர்கள் சர்க்கரையைக் குறைத்தபோது எடை சராசரியாக 0.8 கிலோ குறைந்தது. கூட்டியபோது ஏறக்குறைய அதே அளவு ஏறியது. ஆனால் சர்க்கரைக்குப் பதில் அதே கலோரி தரும் வேறு மாவுச்சத்தைக் கொடுத்தபோது எடை மாறவில்லை. அதாவது எடையைப் பொறுத்தவரை சர்க்கரையின் பெரிய குற்றம், தெரியாமலே அதிகக் கலோரி உள்ளே போக வழி செய்வதுதான்.

லஸ்டிக் இதற்குப் பதில் தேடி 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உடற்பருமன் கொண்ட 43 சிறுவர்களுக்கு ஒன்பது நாட்கள் கலோரியைக் குறைக்காமல் சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டு மாவுச்சத்து கொடுத்தார். அவர்களின் ட்ரைகிளிசரைடு, இன்சுலின், ரத்த அழுத்தம் குறைந்தன. கலோரிக்கு அப்பாலும் சர்க்கரைக்கு ஒரு தீங்கு உண்டு என்பதற்கு இது நல்ல துப்பு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே அதைத் துப்பு என்ற அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிமையாக்குமா? பிறரைப் பாதிக்குமா?

மூன்றாவது அளவுகோல்தான் இருப்பதில் பலவீனமானது. பசியைத் தூண்டும் கிரெலின், வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின், மூளையின் டோபமைன் ஆகிய மூன்றின் செயலையும் சர்க்கரை குலைக்கிறது என்கிறது கட்டுரை. இதற்குப் பின்னால் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எலி ஆய்வுகள் இருக்கின்றன. அங்கே எலிகளை நாளில் பாதி நேரம் பட்டினி போட்டு, மீதி நேரத்தில் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தார்கள். அவை வெறியோடு குடித்தன. ஆனால் 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்தத் துறையை முழுதாகத் திரும்பிப் பார்த்தபோது, எலிகளிடம் அந்த நடத்தை இப்படி விட்டுவிட்டுக் கொடுக்கும்போது மட்டுமே தோன்றுவதாகவும், மனிதர்களிடம் சர்க்கரை அடிமைத்தனத்துக்குச் சான்று மிகக் குறைவு என்றும் எழுதினார்கள். இனிப்பை விரும்புவதும் விட முடியாமல் தவிப்பதும் பலருக்கு நிஜம். ஆனால் மதுவை விட்ட குடிநோயாளி படும் உடல் வேதனையோடு அதைச் சேர்த்து எழுதுவது இரு தரப்புக்கும் நியாயம் செய்யாது.

நான்காவது அளவுகோல் சமூகக் கேடு. புகைப்பவரின் பக்கத்தில் நிற்பவர் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர் வழிப்போக்கரைக் கொல்கிறார். சர்க்கரையில் அப்படி நேரடிப் பலி இல்லை என்பதால், கட்டுரை மருத்துவச் செலவைக் காட்டுகிறது. வளர்சிதை மாற்றக் கோளாறுகளால் அமெரிக்காவுக்கு ஆண்டுதோறும் சுமார் 6,500 கோடி டாலர் உற்பத்தி இழப்பு, 15,000 கோடி டாலர் மருத்துவச் செலவு. அந்நாட்டு மருத்துவச் செலவில் முக்கால் பங்கு இத்தகைய நோய்களுக்கே போகிறது.

பயமுறுத்தும் தொகைதான். ஆனால் இது யாருடைய கணக்கு? அந்த நோய்கள் அனைத்தின் கணக்கு. உட்கார்ந்தே வேலை, தூக்கக் குறைவு, வறுமை, பரம்பரை, மற்ற உணவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. சர்க்கரையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தப் பில்லையும் அதன் தலையில் கட்டினால், சர்க்கரை ஆலைக்காரரின் வழக்கறிஞருக்கு நாமே வாதம் எடுத்துக்கொடுத்ததாகிவிடும்.

அழைக்கப்படாத சாட்சிகள்

இவ்வளவும் சொன்ன பிறகு, சட்டமே வேண்டாம் என்பதா? இல்லை. கட்டுரை சாட்சிக் கூண்டில் ஏற்றாத சாட்சிகள்தான் அதன் கோரிக்கைக்கு உண்மையான பலம்.

முதல் சாட்சி பற்சொத்தை. வாயில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்குகின்றன. அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. சர்க்கரையால் வரும் கேடுகளில் காரணமும் விளைவும் இவ்வளவு நேராகத் தெரிவது வேறொன்றில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில், சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு தேனையும் பழச்சாறையும் சேர்த்து அவற்றின் பங்கு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் என்று சொல்வதற்கு உடல் எடையோடு பற்சொத்தையும் முக்கிய ஆதாரம். 10 சதவீதம் என்பது சுமார் 50 கிராம். 5 சதவீதம் சுமார் 25 கிராம். மதுவோடு ஒப்பிடும் அட்டவணையில் பல்லுக்கு இடமே இல்லை, ஏனென்றால் அந்த நோயை மதுவுக்கு எதிரே நிறுத்த முடியாது.

இரண்டாவது சாட்சி இனிப்புப் பானம். அந்த 50 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கோலா பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை என்று பொடி எழுத்தில் இருக்கும். அச்சிட்டிருப்பது 100 மில்லிக்கு, கையில் இருப்பதோ 600 மில்லி. ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய 64 கிராம். ஒரு வெயில் மதியத்தில் ஒரே மூச்சில் ஒரு நாளைய எல்லையைத் தாண்டியாகிவிட்டது, ஆனாலும் பசி அடங்காது. திரவமாக வரும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை. நெதர்லாந்தில் 641 சிறுவர்களிடம் 18 மாதம் நடந்த சோதனை 2012 இலையுதிர்காலத்தில், அதாவது லஸ்டிக் கட்டுரைக்குச் சில மாதங்கள் கழித்து வெளியானது. தினமும் 250 மில்லி பானம். பாதிப் பேருக்குச் சர்க்கரை கலந்தது, மீதிப் பேருக்குக் கலக்காதது. எதைக் குடிக்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. முடிவில் முதல் குழுவின் எடை சராசரியாக 7.37 கிலோ கூடியிருந்தது, இரண்டாவது குழுவுக்கு 6.35 கிலோ. வளரும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு தம்ளர் பானத்தால் ஒரு கிலோ வித்தியாசம். எலியும் இல்லை, யூகமும் இல்லை.

மூன்றாவது சாட்சி வரலாற்றிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் பிரிட்டனில் 1953 செப்டம்பரில் முடிந்தது. உடனே பெரியவர்களின் சராசரி நுகர்வு நாளுக்கு 40 கிராம் சுற்றளவிலிருந்து 80 கிராமாக ஏறியது. அந்தத் தேதிக்குச் சற்று முன்பும் பின்பும் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2024 அக்டோபர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தது. கைக்குழந்தைக்கு எதையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடையாது. 'அவரவர் விருப்பம்' என்ற எதிர்வாதம் இங்கே நிற்காது.

நான்காவது சாட்சி ஆவணக் காப்பகத்தில் இருந்தது. லஸ்டிக்கின் சக ஆசிரியரான லாரா ஷ்மிட்டும் கிறிஸ்டின் கெர்ன்ஸ், ஸ்டான்டன் கிளான்ட்ஸ் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அது. இதய நோய்க்குக் கொழுப்பே காரணம், சர்க்கரை அல்ல என்ற தொனியில் ஹார்வர்டு விஞ்ஞானிகள் 1967-இல் எழுதிய மதிப்பாய்வுக்கு, அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு பணம் கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்தைப் பற்றி மதிப்பாய்வில் ஒரு வரியும் இல்லை. சர்க்கரையைப் புகையிலையோடு ஒப்பிட வேண்டுமென்றால் ரசாயனத்தில் ஒப்பிடுவதை விடத் தொழிலின் நடத்தையில் ஒப்பிடுவது பொருத்தமாக இருந்திருக்கும்.

சட்டம் வந்த இடங்களில் என்ன நடந்தது?

ஒரு பொருள் கெடுதல் என்று நிரூபிப்பது ஒரு வேலை. குறிப்பிட்ட சட்டம் அந்தக் கெடுதலைக் குறைக்கும் என்று நிரூபிப்பது வேறு வேலை. 2012-இல் இரண்டாவதற்குச் சான்று குறைவு. இனிப்புப் பானத்தின் நுகர்வு குறிப்பிடத்தக்க அளவு குறைய வேண்டுமானால் விலை இரட்டிப்பாக வேண்டும் என்று கட்டுரை கணித்தது. நடந்தது அதைவிட நல்லது. மெக்சிகோ 2014 ஜனவரி முதல் லிட்டருக்கு ஒரு பேசோ வரி போட்டது. விலை சுமார் 10 சதவீதம் மட்டுமே ஏறியது. முதல் ஆண்டில் வாங்குவது 5.5 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 9.7 சதவீதமும் குறைந்தது.

பிரிட்டன் இன்னும் சாமர்த்தியமாகச் செய்தது. 2016-இல் அறிவித்து 2018 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய வரியில் படிநிலைகள் இருந்தன. 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைந்தால் வரி இல்லை. 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு அப்போது 18 பென்ஸ். அதற்கு மேல் 24 பென்ஸ். இரண்டு ஆண்டு அவகாசத்தில் கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன. வரி இல்லாதிருந்தால் 5 கிராமுக்கு மேலான பானங்கள் சுமார் 49 சதவீதமாக இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. 2019 பிப்ரவரியில் இருந்தது 15 சதவீதம். வாங்குபவர் யாரும் எதையும் விட்டுக்கொடுக்காமலே அவர் கோப்பையில் சர்க்கரை குறைந்தது. 10, 11 வயதுச் சிறுமிகளிடம் உடற்பருமன், எதிர்பார்த்ததை விட 8 சதவீதம் குறைந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு கண்டது. சிறுவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

சிலி 2016 ஜூனில் சர்க்கரை மிகுந்த பொருள்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. சிறுவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுத்தது. அத்தகைய பானங்களை மக்கள் வாங்குவது 23.7 சதவீதம் குறைந்தது. லஸ்டிக் கேட்ட வயது வரம்பும் ஓரிடத்தில் வந்தது: மெக்சிகோவின் வாஹாகா மாநிலம் 2020 ஆகஸ்டில் சிறுவர்களுக்கு இனிப்புப் பானம் விற்பதைத் தடைசெய்தது.

இந்தியாவில் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது காற்றேற்றிய பானங்களுக்கு 28 சதவீத வரியோடு 12 சதவீத செஸ்ஸும் சேர்த்து 40 சதவீதம் விதித்தார்கள். உலகில் மிக உயர்ந்த வரிகளில் ஒன்று. ஆனால் சர்க்கரை நிறைந்த பானத்துக்கும் சர்க்கரையே இல்லாத 'ஜீரோ' பானத்துக்கும் ஒரே வரி. சர்க்கரையைக் குறைத்தால் கம்பெனிக்கு ஒரு பைசா லாபமில்லை. பிரிட்டனில் வேலை செய்த அந்தத் தூண்டுதலே இங்கே இல்லாமல் போயிற்று. மேலும் நம் வீடுகளில் பெரும்பகுதிச் சர்க்கரை பாட்டிலில் வருவதில்லை. டீ, காபி, பலகாரம் வழியாகவும், ரேஷன் கடையின் மலிவு விலைப் பை வழியாகவும் வருகிறது. அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டை மனத்தில் வைத்து எழுதிய வாதத்தை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது.

எஞ்சி நிற்பது

சல்லடையில் சலித்த பிறகு என்ன மிஞ்சுகிறது? சர்க்கரை மதுவின் இரட்டைப் பிறவி என்பது மிஞ்சவில்லை. அது மனிதனை அடிமையாக்கும் போதை என்பதும் மிஞ்சவில்லை. அளவு மீறிய சர்க்கரை, அதிலும் திரவமாக வருவது, பல்லையும் கல்லீரலையும் கெடுக்கிறது, எடையைக் கூட்டுகிறது, நீரிழிவுக்கு வழி செய்கிறது, குழந்தைப் பருவத்தில் அதன் தடம் ஆழமாகப் பதிகிறது, விற்பவர்கள் இதை மறைக்கப் பணம் செலவழித்திருக்கிறார்கள். இவை மிஞ்சுகின்றன. சட்டம் போட இவை போதும். சாலையில் வேகத்தடை வைக்க, வண்டி ஓட்டுவதே குற்றம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

லஸ்டிக் குழு கேட்ட கேள்வி சரியான கேள்வி. கேட்ட துணிச்சலுக்கு நன்றி சொல்ல வேண்டும். 2012-இல் அந்தக் குரல் அவ்வளவு உரக்க ஒலிக்காதிருந்தால் பின்னர் வந்த விவாதங்கள் இவ்வளவு சூடு பிடித்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் மிகையாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு வரியும் எதிராளிக்குக் கொடுத்த ஆயுதம். 'சர்க்கரை விஷமென்றால் நாம் எல்லோரும் இன்னும் உயிரோடு இருப்பது எப்படி?' என்று ஒருவர் சிரித்தபடி கேட்டுவிட்டால், பற்சொத்தைக்கும் பாட்டில் பானத்துக்கும் உள்ள உறுதியான சான்றும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து அடித்துப் போகப்படும்.

நமக்கு வேண்டியது தெளிவானது. பானத்தின் வரி அதிலுள்ள சர்க்கரையின் கிராமைப் பார்த்து ஏற வேண்டும், இறங்க வேண்டும். பொட்டலத்தின் முகப்பில், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் எச்சரிக்கை வேண்டும். பள்ளி வளாகத்திலும் பிள்ளைகளுக்கான விளம்பரத்திலும் இனிப்புப் பானத்துக்கு இடம் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் சர்க்கரை சேர்த்து விற்பதை நிறுத்த வேண்டும். இந்த நான்கையும் கேட்பதற்குச் சர்க்கரையை நஞ்சென்று அழைக்கத் தேவையே இல்லை. கையில் இருக்கும் சான்றுகளை அவற்றின் சரியான எடையோடு எடுத்து வைத்தாலே, எந்தச் சட்டமன்றத்திலும் எந்த நீதிமன்றத்திலும் அவை தாங்கி நிற்கும்.